முகத்தை மைப்படி எடுத்தல்

இந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு வயதான முகம், நேருக்கு நேர். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. நிறம் இருந்தால் அதுவும் துவைத்துத் துவைத்து வெளுத்த லுங்கி மாதிரி மங்கலாக இருக்கும். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் உளியால் வெட்டியது போல. தாடி மயிர் ஒவ்வொன்றும் கம்பி. மூக்கு நுனியில் வியர்வை, பாதரசம் மாதிரி. பின்னால் இருட்டு. கீழே 'உழைப்பின் ரேகைகள்' என்றோ 'மண்ணின் மைந்தன்' என்றோ ஒரு வரி. ஆள் யார், எந்த ஊர், என்ன வேலை என்று எதுவும் இருக்காது. சில ஆயிரம் இதயக்குறிகள் இருக்கும்.

இந்தப் படத்தை எடுத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெரும்பாலும் இருபத்து சொச்சம் வயசுப் பையன், ஈஎம்ஐயில் வாங்கிய கேமரா, ஞாயிற்றுக்கிழமை கிராமத்துப் பக்கம் ஒரு பைக் பயணம். என் சந்தேகமெல்லாம் அந்த முகத்தை அப்படி ஆக்கிய ஒரு ஸ்லைடர் மேல்தான். லைட்ரூம் மென்பொருளின் 1.1 பதிப்பில், 2007-இல், அது வந்தது. பெயர் கிளாரிட்டி. தெளிவு! ஒரு கணக்குக்கு இவ்வளவு ஒழுக்கமான பெயர் வைத்தால் அதை யார்தான் சந்தேகப்படுவார்கள்? வலது பக்கம் இழுத்தால் தெளிவு கூடுகிறது. தெளிவு வேண்டாம் என்று எவனாவது சொல்வானா?

அது என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். விமர்சனம் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

டிஜிட்டல் படம் என்பது எண்கள். சுத்தக் கறுப்பு 0, சுத்த வெள்ளை 255 என்று வைத்துக்கொள்வோம். படத்தின் டோனை மாற்ற இரண்டு வழிகள். ஒன்று டோன் கர்வ். 80 என்ற எண் படத்தில் எங்கே இருந்தாலும் 95 ஆகட்டும் என்று சொன்னால், வானத்தில் இருக்கும் 80-ம், செருப்பில் இருக்கும் 80-ம், கன்னத்தில் இருக்கும் 80-ம் எல்லாம் 95 ஆகிவிடும். இது சட்டம் மாதிரி, எல்லோருக்கும் ஒன்று. இரண்டாவது லோக்கல் காண்ட்ராஸ்ட். இது ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி. நீ யார் என்பதை விட, யார் பக்கத்தில் நிற்கிறாய் என்பதைப் பார்த்துத்தான் தீர்ப்பு. ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்துச் சராசரியோடு ஒப்பிட்டு, எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ அதைப் பெருக்கிவிடுகிறது.

எளிமையான உதாரணம். ஒரு கறுத்த கன்னம், சராசரி 80. சுருக்கத்தின் பள்ளம் 65. கன்ன எலும்பின் மேல் எண்ணெய்ப் பளபளப்பு 120. வித்தியாசத்தை இரண்டால் பெருக்கினால் பள்ளம் 50-க்கு இறங்குகிறது. பளபளப்பு 160-க்கு ஏறுகிறது. கன்னம் அதே 80-இல் நிற்கிறது. அதாவது, 'நான் அவரைக் கறுப்பாக்கவும் இல்லை, வெளுப்பாக்கவும் இல்லை' என்று எடிட் செய்தவர் சத்தியம் செய்யலாம். கணக்குப்படி அது உண்மை. ஆனால் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நடுவில் இருந்த 55 இப்போது 110. அந்த ஆளுக்குப் பத்து வயது கூடிவிட்டது.

இந்தக் கணக்கின் மூலம் டிஜிட்டலுக்கு முந்தியது. இருட்டறைக் காலத்தில் நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலாக ஒரு பாசிட்டிவ் எடுத்து, இரண்டையும் ஒன்றாக வைத்துப் பிரிண்ட் போடுவார்கள். பெயர் அன்ஷார்ப் மாஸ்க். மங்கலை வைத்துக் கூர்மை செய்வது. மங்கலின் பரப்பு சின்னதாக இருந்தால் விளிம்புகள் கூர்மையாகும். அதே பரப்பைப் பெரிதாக்கினால் கிளாரிட்டி. 1983-இல் பர்ட்டும் அடெல்சனும் எழுதிய லாப்ளேசியன் பிரமிட், 2011-இல் பாரிஸ், ஹசினாஃப், காட்ஸ் மூவரும் அதை வைத்துச் செய்த லோக்கல் லாப்ளேசியன் ஃபில்டர் என்று பிறகு வந்தவை இதைப் பல மடங்கு நாகரிகமாகச் செய்தன. அந்த நாகரிகம் முக்கியமாக ஒரு நோயைக் குணப்படுத்தத்தான்.

அந்த நோயைப் பார்க்க தொப்பூர் நல்ல இடம். பெங்களூரிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தெரியும். தருமபுரி தாண்டி, சுங்கச்சாவடி தாண்டி, சமவெளி முடிந்து ரோடு சட்டென்று இறங்க ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் மலை, நடுவில் தேசிய நெடுஞ்சாலை 44, கியரைக் குறைத்து முனகிக்கொண்டு இறங்கும் லாரிகள். இரட்டைப் பாலம் என்ற பெயர் செய்தித்தாள் வாசிக்கிற எல்லோருக்கும் விபத்துச் செய்தியாகத்தான் அறிமுகம். காலை நேரத்தில் பள்ளத்தாக்கு நிழலில் இருக்கும், வானம் வெளுத்திருக்கும். இதைப் படம் எடுத்துக் கிளாரிட்டியை நன்றாக இழுத்துப் பாருங்கள். மலை விளிம்பு நெடுக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். மலைக்கு ஒளிவட்டம்! சாமி படத்துக்குப் போட்ட மாதிரி. கருத்த மலைக்குப் பக்கத்தில் இருப்பதால் வானத்தின் ஓரம், தன் அக்கம்பக்கத்தை விடத் தான் மிகவும் வெளுப்பு என்று நினைத்துக்கொண்டதன் விளைவு. இந்த ஒளிவட்டத்தைத்தான் புதிய கணக்குகள் ஒழித்தன. ஒழித்ததில் ஒரு நஷ்டமும் உண்டு. முன்பெல்லாம் படத்தில் கை வைத்திருப்பதை அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். இப்போது காட்டிக்கொடுக்க ஆள் இல்லை.

அப்படியானால் கை வைக்காத படம் என்று ஒன்று இருந்ததா? இதே வட்டாரத்தில் எடுக்கப்பட்ட மிகப் பழைய படங்களிலிருந்தே பதில் சொல்லலாம். லின்னேயஸ் ட்ரைப் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி 1856-இல் மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் அவர் எடுத்த படங்கள் 1858-இல் ஒரு தொகுப்பாக வந்தன. அன்றைக்குத் தொப்பூரும் சேலம் மாவட்டம்தான். தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல். ட்ரைப் பயன்படுத்தியது மெழுகு தடவிய காகித நெகட்டிவ். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீலம் மட்டும்தான் நன்றாகத் தெரியும். நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெறும் வெள்ளையாகிவிடும். பச்சை மரங்கள் கறுத்துப்போகும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ் மேல் தூரிகையால் நிறமி பூசி மேகங்களை வரைந்தார். இலைகளையும் தொட்டுத் திருத்தினார். சேலம் மாவட்டத்து வானத்தில் அன்று மேகம் இருந்ததோ இல்லையோ, பிரிண்டில் இருக்கும்.

ட்ரைப்பை இதற்காகத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த மேகம், ரசாயனத்தால் பார்க்க முடியாததைக் கண் பார்த்தது என்று சொல்லும் ஒரு முயற்சி. நிழலைத் தூக்கி, வெளிச்சத்தை அடக்கி, கண் கண்டதற்குப் பக்கத்தில் படத்தைக் கொண்டுவருவது டோன் திருத்தத்தின் மிக நியாயமான வேலை. வெளியே வெயிலுக்கும் ஆழ்ந்த நிழலுக்கும் இடையிலான வித்தியாசம் ஆயிரக்கணக்கான மடங்கு. காகிதம் தாங்குவது சுமார் நூறு மடங்கு. எங்கேயாவது சுருக்கித்தான் ஆக வேண்டும். யாராவது முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும்.

அதே ட்ரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 பிரிண்டுகளை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். என் மதிப்பில் இந்தியப் புகைப்பட வரலாற்றின் அசாத்தியமான வேலைகளில் ஒன்று அது. அங்கே அழகு இரண்டாம்பட்சம், எழுத்து தெரிய வேண்டும். பள்ளம் பள்ளமாக, மேடு மேடாக. (1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், செலவு தாங்காது என்று இந்தப் புகைப்பட வேலையையே நிறுத்தினார். பட்ஜெட் வெட்டில் முதலில் போவது எது என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.)

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. தருமபுரி நடுகற்களின் பூமி. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும், ஊரைக் காக்கப் போய்ச் செத்தவனுக்கும் நட்ட கற்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன. பலவற்றில் வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேல் மழையில் நின்ற கல்லில் எழுத்தை எப்படிப் படிப்பார்கள்? உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்வாக விழும்போது பள்ளங்களில் நிழல் நிரம்பும், அப்போது தெரியும். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் மைப்படி. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித்தட்டிப் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். மேடெல்லாம் கறுப்பு, எழுத்தெல்லாம் வெள்ளை.

மைப்படி என்பது கையால் செய்த லோக்கல் காண்ட்ராஸ்ட்! ஸ்லைடரைக் கடைசி வரை இழுத்த நிலை. கல்லின் நிறம், பாசி, அது நிற்கிற வயல், கல்லின் கனம் எல்லாம் போய்விடும். போகட்டும் என்றுதான் எடுக்கிறோம், ஏனென்றால் நமக்கு வேண்டியது எழுத்து. மைப்படியைப் பார்த்து 'இதுதான் அந்தக் கல்' என்று எந்தத் தொல்லியல் அறிஞரும் சொல்ல மாட்டார். அது படிப்பதற்கான கருவி என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

கிழவர் முகத்துக்குக் கிளாரிட்டி போடும்போது நாம் மைப்படிதான் எடுக்கிறோம். முகத்தைப் படிக்க வேண்டிய கல்வெட்டாக எடுத்துக்கொள்கிறோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் நமக்கு முன்பே தெரியும். உழைப்பு, வறுமை, மண். தெரிந்ததைப் படிக்கத் தெளிவு எதற்கு? நடுகல்லில் நமக்குத் தெரியாத ஒரு பெயர் இருக்கிறது, ஒரு அரசனின் ஆட்சியாண்டு இருக்கிறது, அதனால் அங்கே தெளிவு தேவை. இந்த முகத்தில் நமக்குத் தெரியாமல் இருப்பது அந்த மனிதர் அன்றைக்கு எப்படி இருந்தார் என்பது மட்டும்தான். எரிச்சலாக இருந்தாரா, கூச்சமாக இருந்தாரா, சீக்கிரம் எடுத்துத் தொலைடா என்றிருந்தாரா. அது நடு டோன்களில் இருக்கிறது. கன்னத்திலிருந்து வாயோரம் இறங்கும் அந்த மெல்லிய சரிவில். ஸ்லைடர் முதலில் கொல்வது அதைத்தான்.

கறுத்த தோலில் இந்தக் கொலை இன்னும் சுலபம். காரணம் பௌதிகம். தோலின் மேல் விழும் ஒளியில் சுமார் 4 முதல் 5 சதவீதம் மேற்பரப்பிலேயே பட்டுத் தெறித்துவிடும். இது எல்லாத் தோலுக்கும் ஏறக்குறைய ஒன்று. மீதி உள்ளே போய்ச் சிதறித் திரும்பி வரும். அந்தத் திரும்பி வரும் அளவைத்தான் மெலனின் தீர்மானிக்கிறது. வெளுத்த முகத்தில் உள்ளிருந்து வரும் ஒளி அதிகம், ஆகவே மேற்பரப்புப் பளபளப்பு அதில் கரைந்துவிடும். கறுத்த முகத்தில் உள்ளொளி குறைவு, பளபளப்பு தனித்துத் தெரியும். கறுத்த முகத்தின் வடிவத்தைப் பெருமளவு சொல்வதே இந்தப் பளபளப்புதான். அதைப் பெரிய, மெதுவான வெளிச்சத்தில், ஒரு ஓட்டுத் திண்ணையின் ஓரத்தில் வைத்து எடுத்தால் எவ்வளவு செழிப்பாக இருக்கும்! அதையே பெருக்கினால் உலோகம். நாம் பாராட்டுகிற அந்த 'வெண்கலச் சிலை மாதிரி' முகங்கள் இப்படி வருபவைதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். கல்யாண ஸ்டுடியோ. அங்கே இதே ஸ்லைடர் இடது பக்கம் போகும். அந்த மரபும் பழையது. ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்களில் சீவிய பென்சிலால் நெகட்டிவ் மேல் நுணுக்கமாகக் கோடிழுப்பார்கள், டச்சிங் என்று பெயர். நெகட்டிவில் கரி ஏறிய இடம் பிரிண்டில் வெளுக்கும், சுருக்கமும் தழும்பும் மறையும். இன்று ஒரே கிளிக். முகம் மாவு, கழுத்து மட்டும் சொந்தக் கலர்.

கணவாய்க்கு மேலே நாங்கள் டீ குடிக்க நிறுத்தும் கடையில் இந்த இரண்டும் ஒன்றாக மாட்டியிருந்தன. கடை நடத்தும் அக்காவை என் நண்பன் ஒருமுறை படம் எடுத்து, எடிட் செய்து, சட்டம் போட்டே கொடுத்திருந்தான். கறுப்பு வெள்ளை, பாய்லர் ஆவி, முழுக் கிளாரிட்டி. அதற்குப் பக்கத்தில் அவர் மகள் காதுகுத்துக்கு அடித்த ஃப்ளெக்ஸிலிருந்து வெட்டி ஒட்டிய படம். அதில் அக்கா பால்கோவா நிறம்.

"ரெண்டுல எதுக்கா நல்லாருக்கு?" என்று நான்தான் கேட்டேன்.

"அது எங்கம்மா மாதிரி இருக்குது தம்பி," என்று நண்பனின் படத்தைக் காட்டினார். அப்புறம் ஃப்ளெக்ஸைக் காட்டி, "இது யாருன்னே தெரியல. ஆனா பொடவை நல்லா வுழுந்திருக்குது." பிறகு வடைச் சட்டிப் பக்கம் போய்விட்டார்.

நண்பன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் இந்தத் துறையில் நான் வாசித்த கட்டுரைகளை விட அது துல்லியமான விமர்சனம். அவருக்கு நாற்பது இருக்கலாம். ஒரு படம் அவரை ஒரு தலைமுறை முன்னால் தள்ளிவிட்டது. இன்னொன்று வேறு ஆளாக்கிவிட்டது. இரண்டு படங்களின் அழகியலும் ஒன்றையொன்று கேவலமாக நினைப்பவை. நண்பன் ஸ்டுடியோக்காரரை ரசனை இல்லாதவர் என்பான். ஸ்டுடியோக்காரர் இவனிடம், 'என்ன தம்பி, பொம்பளப் புள்ளய இப்புடிப் பண்ணி வெச்சிருக்க' என்பார். ஆனால் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் கூட்டாளிகள். அந்தத் தோல் இருக்கிறபடி போதாது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஸ்டுடியோக்காரராவது காசு கொடுத்தவர் கேட்டதைச் செய்தார். நண்பனிடம் அக்கா எதுவும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் பொதுவாக வரும் எதிர்வாதம்: எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, டோனை மட்டும்தான் மாற்றினேன், அப்புறம் என்ன பொய்? உலகின் பெரிய மேடையிலேயே இது நடந்திருக்கிறது. காசாவில் குண்டுவீச்சில் இறந்த இரண்டு குழந்தைகளின் உடல்களை ஒரு சந்து வழியாக ஆண்கள் தூக்கி வரும் படம். பால் ஹான்சன் எடுத்தது. 2013-இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோவின் முதல் பரிசு பெற்றது. சில மாதங்களில் அது பல படங்களை ஒட்டிச் செய்த போலி என்று ஒரு குற்றச்சாட்டு. அமைப்பு நிபுணர்களை வைத்து மூலக் கோப்பைச் சோதித்தது. ஒட்டு இல்லை, ஆனால் நிறத்திலும் டோனிலும் மொத்தமாகவும் இடம்வாரியாகவும் நிறைய வேலை நடந்திருக்கிறது என்று முடிவு வந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள், பரிசு நிலைத்தது.

எனக்கு அந்தப் பெருமூச்சில் உடன்பாடு இல்லை. போலியா இல்லையா என்பது தடயவியல் கேள்வி, அதற்கு விடை கிடைத்துவிட்டது. விமர்சனக் கேள்வி வேறு. அந்தச் சந்தில் ஒவ்வொரு முகத்துக்கும் ஏன் சினிமா லைட் போட்ட மாதிரி இருக்கிறது? உண்மையான சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து, இது செட் போட்டு எடுத்ததோ என்று பலருக்குத் தோன்றியது. அந்தச் சந்தேகம் அந்த டோனுக்குக் கொடுத்த விலை. எல்லா முகமும் சம அளவில் எடுப்பாக இருந்தால் கண்ணுக்கு இருட்டே மிஞ்சுவதில்லை. இருட்டில் நின்று அழுகிறவன் என்று ஒருவன் எந்தச் சாவிலும் இருப்பான்.

நம் உரைநடைக்கும் இது பொருந்தும் என்பதைச் சொல்லாமல் போக முடியவில்லை. கிராமம் என்றால் பித்தவெடிப்பு, புளித்த வியர்வை, காய்த்துப்போன உள்ளங்கை என்று மூன்று வாக்கியத்துக்குள் கொண்டுவந்துவிடும் சிறுகதைகளை நாம் வாரம் ஒன்று வாசிக்கிறோம். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு பெயரடை. எல்லா விளிம்பிலும் ஒளிவட்டம். அந்தக் கதையின் ஆத்தா சும்மா உட்கார்ந்து டிவி பார்ப்பதே இல்லை. தருமபுரிப் பக்கத்து ஆத்தாக்கள் நிறைய டிவி பார்க்கிறார்கள், நான் சாட்சி.

இதில் இன்னொரு திருப்பம், இப்போது ஸ்லைடரை யாரும் இழுக்கவே வேண்டியதில்லை. கூகுள் ஆட்கள் 2016-இல் வெளியிட்ட எச்டிஆர் பிளஸ் ஆய்வுக்கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். குறைவான ஒளியில் பல படங்களை வேகமாக எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, பிறகு இடத்துக்கு இடம் டோனைத் தீர்மானிக்கும் முறை. நாம் பட்டனைத் தொட்டுக் கையை எடுப்பதற்குள் பஞ்சாயத்து கூடி, பேசி, கலைந்துவிடுகிறது. பஸ் ஜன்னலிலிருந்து கணவாயை எடுத்தால் நிழலில் இருந்த பள்ளத்தாக்கு எழுந்து நிற்கும், வானமும் நீலமாக இருக்கும். கண்ணுக்குக்கூட அப்படித் தெரியவில்லையே என்று யோசிப்பதற்குள் பஸ் இரட்டைப் பாலத்தைத் தாண்டியிருக்கும். 'ஒரிஜினல் போட்டோ, நோ எடிட்' என்று போடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. 2021-இல் அதே நிறுவனம் பிக்ஸல் 6-உடன் ரியல் டோன் என்று, கறுத்த தோல்களை இன்னும் சரியாகப் பதிவதற்காக, ஒன்றை அறிமுகப்படுத்தியது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பெயரையும் கவனியுங்கள். தெளிவு, உண்மை. இந்தத் துறைக்குப் பெயர் வைக்க மட்டும் யாரோ ஒரு உபதேசியார் இருக்கிறார்.

சரி, பஞ்சாயத்தே வேண்டாம் என்கிறேனா? இல்லை. லோக்கல் காண்ட்ராஸ்ட் இல்லாமல் எந்தப் படமும் எழுந்து நிற்காது. அது யாருக்காகக் கூடுகிறது என்பதுதான் என் கேள்வி. ட்ரைப்பின் தென்னாட்டுப் படங்களில் மனிதர்கள் அரிது. வெளிச்சம் பதிய நெடுநேரம் பிடித்த காலம் அது, கோட்டையும் கோயிலும் ஆடாமல் நின்றன. இந்த மலையடிவாரத்து முகங்கள் ஆயிரக்கணக்கில் பதிவாவது இந்தத் தலைமுறையில்தான், அதையும் பதிவது இதே ஊர்ப் பிள்ளைகள். ஐம்பது வருஷம் கழித்து யாராவது இந்தப் படங்களை வைத்து 2020-களின் தருமபுரி மக்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்த்தால், பாதிப் பேர் வெண்கலம், பாதிப் பேர் பால்கோவா. நடுவில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இப்போதைய லைட்ரூமில் ஆளைத் தனியாகப் பிரித்தெடுக்கும் வசதி இருக்கிறது. ஆளைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பட்டியல் வரும்: முகத்தின் தோல், உடம்பின் தோல், புருவம், கண்ணின் வெள்ளை, உதடு, பல், முடி. நண்பனிடம் நான் சொன்னது இதுதான். பாய்லர், ஆவி, பின்னால் இறங்கும் மலை எல்லாவற்றுக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள். முகத்தின் தோல் என்ற வரி வரும்போது கிளாரிட்டியைப் பூஜ்யத்தில் விட்டுவிட்டு, டோன் கர்வின் நடுப்பகுதியை மட்டும் ஒரு விரல்கடை தூக்கிப் பார். அப்படியும் முகம் சப்பென்று இருந்தால், அடுத்த முறை பதினொரு மணி வெயிலில் எடுக்காதே. ஆறரைக்குப் போ. கடை ஐந்துக்கே திறந்துவிடுகிறார்கள்.